தைக்கப்பட்ட இதயமும் தாங்கும் மருந்தும்

பிள்ளைக்கு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், பெற்றோர் நன்றித் திருப்பலிக்குக் கருத்து எழுதித் தருவது பங்குத் தந்தையர் பலரும் கண்ட காட்சியே. "ஓட்டையை அடைத்துவிட்டார்கள் சுவாமி, இனி இவனுக்கு ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்லும்போது அந்தக் கண்களில் தெரியும் நிம்மதிக்கு ஈடு எதுவும் இல்லை. அந்த நிம்மதியில் குறை காண யாருக்கு மனம் வரும்? ஆயினும், "இனி ஒன்றுமில்லை" என்ற அந்தச் சொல் முழு உண்மைதானா என்று கேட்டால், கடந்த எண்பது ஆண்டு மருத்துவ வரலாறு தயங்கித்தான் விடை சொல்கிறது.

அறுவை சிகிச்சையால் பிழைத்த அந்தப் பிள்ளை வளர்கிறான், படிக்கிறான், வேலைக்குப் போகிறான், குடும்பம் நடத்துகிறான். முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, இதயம் தாறுமாறாய்த் துடிக்கிறது. சிறுவயதில் தைக்கப்பட்ட இதயம் களைத்துப்போயிற்று. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மருந்து உண்டா? எளிமையாகத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு கதை இருக்கிறது. நம்பிக்கை, உழைப்பு, ஏமாற்றம் என்னும் மூன்றும் அதில் கலந்துள்ளன. அதனைச் சற்றுப் பொறுமையாக நோக்குவோம்.

மூதாட்டியின் மூலிகை

இதயத்தைத் தாங்கும் மருந்துகளின் வரலாறு ஒரு கிராமத்து மூதாட்டியிடமிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில் 1741-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் விதரிங், எடின்பரோவில் மருத்துவம் கற்றுப் பர்மிங்காமில் பணியாற்றி வந்தார். 1775-ஆம் ஆண்டில், உடல் முழுதும் நீர் கோத்து வீங்கும் நோய்க்கான ஒரு குடும்ப வைத்தியக் குறிப்பைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டனர். ஷ்ரோப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி அதை நெடுங்காலம் இரகசியமாகக் காத்து வந்தார். படித்த மருத்துவர்கள் கைவிட்ட சிலரை அவர் அதனால் தேற்றியதும் உண்டாம்.

அந்தக் கலவையில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. விதரிங் தாவரவியலும் அறிந்தவர். ஆகவே, அவற்றுள் உண்மையில் வேலை செய்வது வேலியோரங்களில் ஊதா நிறத்தில் பூக்கும் டிஜிட்டாலிஸ் செடியே என்று கண்டுகொண்டார். அதன்பின் அவர் செய்ததுதான் பெரிது. பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்கு அளந்து கொடுத்தார். அளவு மிகுந்தால் வாந்தி வருவதையும், கண்ணுக்குப் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவதையும், நாடி மிகத் தளர்வதையும் குறித்து வைத்தார். 1785-இல் வெளியிட்ட தம் நூலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வரலாற்றைத் தந்தார். வெற்றிகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், தோல்விகளையும் சேர்த்தே எழுதினார். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இருப்பது அளவு ஒன்றுதான் என்பதை அந்நூல் உலகுக்குத் தெளிவாக்கிற்று.

அந்த மூதாட்டியின் பெயரை விதரிங் பதிவு செய்யவில்லை. பிற்காலத்தில் அவருக்கு வழங்கப்பட்ட பெயர் ஒரு மருந்து விளம்பரத்தில் பிறந்த கற்பனையே. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொண்ட மருந்தின் முதல் உரிமையாளர் இன்றும் பெயரற்றவராகவே இருக்கிறார்.

1930-இல் அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து டிகாக்சின் என்னும் தூய மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதயத் தசையின் சுருக்கத்துக்கு அது வலுவூட்டுகிறது. விரைந்து ஓடும் துடிப்பைத் தணிக்கிறது. இருநூறு ஆண்டுகள் புழங்கிய பின்பே அதனை முறையாகச் சோதித்தனர் என்பது வியப்பானது. 1997-இல் வெளிவந்த, 6800 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், டிகாக்சின் இறப்பைக் குறைக்கவில்லை என்றும், நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதை மட்டும் குறைத்தது என்றும் தெரிந்தது. நெடுநாள் பழக்கம் வேறு, நிறுவப்பட்ட உண்மை வேறு என்ற பாடத்தை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் அது தேவைப்படும்.

நீல நிறக் குழந்தைகள்

இனி அறுவைக் கூடத்துக்கு வருவோம். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தின் அமைப்பில் ஏதேனும் குறை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, கடுமையான குறையுள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. பிரான்சு நாட்டின் மார்சேய் நகர மருத்துவர் ஃபாலோ 1888-இல் விவரித்த நான்கு குறைகளின் தொகுதி அவற்றுள் ஒன்று. நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாததால் அக்குழந்தைகளின் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருக்கும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அக்குழந்தைகளைக் கவனித்து வந்தவர் ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர். அவருக்குச் செவித்திறன் குன்றியிருந்தது. எனவே பிஞ்சு மார்பின்மேல் விரல்களை வைத்தே இதயத்தின் அதிர்வுகளை அறியப் பழகிக்கொண்டார். நுரையீரலுக்கு இரத்தம் செல்லப் புதிதாக ஒரு குழாய்வழி அமைத்தால் இவர்கள் பிழைப்பார்களே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அதை ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரிடம் கூறினார்.

பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் அதற்கான வழியை உழைத்துக் கண்டவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர். தச்சு வேலை அறிந்தவர். மருத்துவராக வேண்டும் என்று சேர்த்த பணத்தைப் பொருளாதாரப் பெருமந்தத்தில் இழந்தவர். நாய்களில் இருநூறு முறைக்குக் குறையாமல் செய்து பார்த்து அந்த இணைப்பு முறையைச் செம்மைப்படுத்தினார் என்பர். 1944-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு அந்த அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு சிறு முக்காலியின்மேல் நின்று அவருக்கு வழி சொன்னவர் தாமஸ்தான். ஆனால், அந்தச் சாதனையை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1976-ஆம் ஆண்டில்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது.

அந்த முதல் குழந்தை சில மாதங்களே கூடுதலாக வாழ்ந்தது. எனினும் கதவு திறந்துவிட்டது. 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சற்று நேரம் ஏற்றுக்கொள்ளும் இயந்திரத்தைக் கொண்டு இதய இடைச்சுவரில் இருந்த துளையை அடைத்தார். 1954-இல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை, பெற்றோரின் இரத்த ஓட்டத்தையே குழந்தையோடு இணைத்து, திறந்த இதயத்துக்குள் அறுவை செய்தார். ஆம், தந்தை ஒரு மேசையில், பிள்ளை மறு மேசையில்; இருவருக்கும் சேர்த்து ஓர் இதயம் உழைத்தது! அவ்வாறு செய்யப்பட்ட 45 பேரில் 28 பேர் உயிரோடு வீடு திரும்பினர்.

வழி மாறியது, சுமை மாறவில்லை

இதன்பின் வந்த சில அறுவைகளின் தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஏனெனில் நம் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இதயத்தின் இடக் கீழறை உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதன் சுவர் தடித்தது, வலியது. வலக் கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் செலுத்துகிறது. அதன் சுவர் மெல்லியது. சில குழந்தைகளுக்கு இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறக்கின்றன. 1958-இல் சுவீடனில் சென்னிங்கும், 1963-இல் கனடாவில் மஸ்டர்டும் இதயத்தின் மேலறைகளுக்குள் தடுப்பு அமைத்து, இரத்தத்தின் வழியைத் திருப்பிவிட்டனர். குழந்தையின் நீலம் மறைந்தது. ஆனால் மெல்லிய வலக் கீழறை, தனக்கு விதிக்கப்படாத பாரத்தை வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியதாயிற்று. 1975-இல் பிரேசிலின் ஜட்டேன், குழாய்களையே சரியான இடத்துக்கு மாற்றித் தைக்கும் முறையைக் கண்டார். அதற்கு முன்னும், அது பரவும் வரையிலும் அறுவை பெற்றவர்களோ பழைய ஏற்பாட்டோடுதான் வளர்ந்தார்கள்.

வேறு சில குழந்தைகளுக்கு உழைக்கக்கூடிய கீழறை ஒன்றே ஒன்றுதான் அமைகிறது. அவர்களுக்காக 1968-இல் பிரான்சின் போர்தோ நகரில் ஃபோன்டான் துணிச்சலான ஒரு வழியைச் செய்தார். உடலிலிருந்து திரும்பும் இரத்தம், இடையில் இறைக்கும் அறை ஏதுமின்றித் தானாகவே நுரையீரலுக்குள் வழிந்து செல்லுமாறு அமைத்தார். அதனால் உயிர்கள் காக்கப்பட்டன. ஆனால் இறைப்பான் இல்லாத ஓட்டத்தில் சிரைகளில் அழுத்தம் எப்போதும் மிகுந்தே இருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் பளு ஈரலைத் தாக்கும்.

ஃபாலோ குறை திருத்தப்பட்டவர்களிலும், நுரையீரல் தமனியின் வால்வு ஒழுகுவதால் வலக் கீழறை மெல்ல மெல்லப் பருத்துப்போவது உண்டு. ஆக, அறுவை செய்தவர்கள் உயிரைத் தந்தார்கள். புது இதயத்தைத் தரவில்லை. இது குறை கூறுவதற்கன்று. உள்ளதை உள்ளபடி அறிவதற்கு.

இவ்வாறு பிழைத்த பிள்ளைகள் பெரியவர்களானபோது மருத்துவ உலகம் ஆயத்தமாக இருக்கவில்லை. குழந்தை மருத்துவர், "நீ வளர்ந்துவிட்டாய்" என்றார். பெரியவர்களின் இதய மருத்துவருக்கோ மாரடைப்பு தெரியும். திருப்பித் தைத்த இதயம் புதிது. லண்டனில் ஜேன் சாமர்வில் என்னும் மருத்துவர் 1975-இல் இவர்களுக்கென்றே ஒரு சிகிச்சைக் கூடத்தை ஏற்படுத்தினார். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் கடுமையான பிறவி இதயக் குறையோடு வாழ்ந்தவர்களில் 49 விழுக்காட்டினர் பெரியவர்கள் என்று கணக்கிட்டனர். குழந்தைகளின் நோய், பெரியவர்களின் நோயாகவும் மாறிவிட்டது.

நஞ்சிலிருந்து பிறந்த நன்மை

இதற்கிடையே மருந்துகளின் உலகிலும் ஒரு புரட்சி நடந்தது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்னும் விரியன் பாம்பு கடித்தவரின் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்துவிடும். அந்த நஞ்சில் அடங்கியிருந்த ஆற்றலை அந்நாட்டின் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-இல் விளக்கினார். அதன் வழியே சென்ற அமெரிக்க அறிவியலாளர் குஷ்மனும் ஒன்டெட்டியும் 1975-இல் காப்டோப்ரில் என்னும் மருந்தை உருவாக்கினர்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள ஒன்றை அறிய வேண்டும். இதயம் தளரும்போது, உடல் அதனை இரத்தப்போக்கு என்று தவறாக எண்ணிக்கொள்கிறது. உடனே குழாய்களை இறுக்குகிறது. உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இதயத்தை விரட்டி ஓட்டுகிறது. களைத்த மாட்டின்மேல் மேலும் மூட்டைகளை ஏற்றிச் சாட்டையாலும் அடிப்பது போன்றது இது. பழைய மருந்துகள் மாட்டை உசுப்பிவிட்டன. புதிய மருந்துகள் மூட்டையை இறக்கின, சாட்டையைப் பிடுங்கின.

1987-இல் ஸ்காண்டிநேவியப் பகுதியில், இதயச் செயலிழப்பு முற்றிய 253 பேரிடம் நடந்த ஆய்வில், காப்டோப்ரில் இனத்தைச் சேர்ந்த எனலாப்ரில் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தோர் 26 விழுக்காடு. பெறாதவர்களில் 44 விழுக்காடு. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளைத் தளர்ந்த இதயத்துக்குக் கொடுப்பது ஆபத்து என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டீனும் உடன் பணியாளரும் ஏழு நோயாளிகளுக்குத் துணிந்து கொடுத்து, அவர்கள் தேறியதைக் கண்டனர். பெரிய ஆய்வுகள் அதனை உறுதிசெய்ய 1990-களின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. 1999-இல் ஸ்பைரோனோலாக்டோன், 2014-இல் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் கூட்டு மருந்து, 2019-இல் நீரிழிவுக்கென வந்த டாபாகிளிஃப்ளோசின் என்று ஒவ்வொன்றாக இறப்பைக் குறைக்கும் ஆற்றலை நிறுவின. இந்தக் கடைசி இனத்தின் மூதாதையும் 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பொருளே!

விடை தராத ஆய்வுகள்

அப்படியானால் இம்மருந்துகளைத் தைக்கப்பட்ட இதயம் உடையவர்களுக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். ஆனால் மேற்சொன்ன பெரிய ஆய்வுகளில் பிறவி இதயக் குறையுடையோர் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அவற்றில் இருந்தவர்கள் மாரடைப்பாலோ தசை நோயாலோ இடக் கீழறை தளர்ந்தவர்கள். ஒருவருக்குத் தைத்த சட்டை மற்றொருவருக்குப் பொருந்துமா என்பதைத் தனியே சோதிக்க வேண்டியிருந்தது.

சோதித்தபோது விடைகள் ஏமாற்றம் தந்தன. ஒற்றைக் கீழறையோடு பிறந்த 230 குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், எனலாப்ரில் அவர்களின் வளர்ச்சிக்கோ இதயத்துக்கோ உதவவில்லை. வலக் கீழறையே உடலுக்கு இறைக்கும் 88 பெரியவர்களிடம் நெதர்லாந்தில் மூன்றாண்டு நடந்த வால்சார்ட்டன் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அந்த அறையின் இறைக்கும் திறனில் குறிப்பிடத்தக்க மேன்மை தென்படவில்லை. ஃபோன்டான் அறுவை பெற்ற 400 வளரிளம் பருவத்தினரிடம் நுரையீரல் குழாய்களை விரிக்கும் உடெனாஃபில் மருந்தைச் சோதித்தனர். 2019-இல் வெளியான அதன் முடிவில், உடற்பயிற்சியின் உச்சத் திறன் ஐயத்துக்கு இடமின்றி உயர்ந்ததாகக் கூற இயலவில்லை.

ஏன் இப்படி? காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். திருப்பிவிடப்பட்ட பாதைகள் விறைத்தவை. இதயத்துக்குள் வேகமாக இரத்தம் வந்து சேர அவை விடுவதில்லை. நிறையாத குடத்திலிருந்து எவ்வளவுதான் ஊற்ற முடியும்? துடிப்பை மிகவும் தணித்தால் சிலருக்கு இதயத்தின் இயல்பான துடிப்பு மையமே ஏற்கெனவே சேதமுற்றிருப்பதால் நன்மைக்குப் பதில் தீமை நேரலாம். இவற்றோடு, ஒவ்வொரு வகைக் குறையிலும் நோயாளிகள் சிலரே. ஓரிரு ஆண்டில் மாற்றம் தெரியாத அளவுக்கு நோயின் நடை மெதுவானது. ஆகவே "மருந்து பயனற்றது" என்றும் இவ்வாய்வுகள் சொல்லிவிடவில்லை. "பயன் நிறுவப்படவில்லை" என்றே சொல்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

வெற்றி கண்ட இடமும் ஒன்று உண்டு. அறுவை செய்யப்படாத துளையால் நுரையீரல் குழாய்கள் இறுகிப்போன ஐசன்மெங்கர் நோயாளிகள் 54 பேரிடம் போசன்டான் நற்பயன் தந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே மருந்து நோயின் உண்மையான இருப்பிடத்தைத் தொட்டது, அதுவே வேறுபாடு.

2020-இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இந்த நிலையை மறைக்கவில்லை. இரண்டு கீழறைகளும் தத்தம் இடத்தில் உழைத்து, இடக் கீழறை தளர்ந்தவர்க்கு வழக்கமான மருந்துகளை வழங்கலாம். மற்றவர்க்குச் சான்று போதாது. ஒவ்வொருவரையும் தனித்து நோக்கியே முடிவெடுக்க வேண்டும். மருந்துக்கு முன்னர், திருத்தக்கூடிய காரணம் எதுவும் உண்டா என்று தேடுவது முதற்கடமை. ஒழுகும் வால்வுக்கு மாற்று வால்வு பொருத்தலாம். 2000-ஆம் ஆண்டில் போன்ஹோஃபர் காட்டிய வழியால், மார்பைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாகவே அதைச் செய்வதும் சாத்தியமாயிற்று. துடிப்புத் தடுமாற்றத்தைச் சீர்செய்யலாம். இவற்றை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கூட்டுவது, கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைப்பதற்கே ஒப்பாகும்.

நமக்குரிய பாடம்

இந்த வரலாறு நமக்கு எதைச் சொல்கிறது? சிறுவயதில் இதய அறுவை பெற்ற ஒருவர் நம் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர் நலமாக இருக்கும்போதே, இத்துறை அறிந்த மருத்துவரிடம் காலந்தோறும் செல்ல வேண்டும் என்பது முதலாவது. அறுவைக் குறிப்புகள் அடங்கிய பழைய தாள்களைப் பெற்றோர் பத்திரமாக வைத்துப் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். எந்த அறுவை நடந்தது என்பது தெரியாமல் எந்த மருந்து பொருந்தும் என்று எவரும் சொல்ல இயலாது. எனலாப்ரில், வால்சார்ட்டன் போன்றவை கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்பவை. ஆகவே அவற்றை உட்கொள்ளும் பெண்களும் அவர்களுக்குத் திருமணம் பேசும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் முன்னரே மனந்திறந்து பேசுவது கட்டாயம். நோயை மறைத்து மணம் முடிப்பதால் இரு உயிர்கள் ஆபத்துக்கு உள்ளாகலாம். பக்கத்து வீட்டாருக்கு உதவிய மாத்திரை நமக்கும் உதவும் என்று எண்ணித் தாமாகத் தொடங்குவதும், நலமாக உணர்கிறோம் என்று தாமாக நிறுத்துவதும் வேண்டாம்.

மருத்துவர் "இதற்குத் திட்டமான சான்று இல்லை, முயன்று பார்ப்போம், கவனித்துக்கொள்வோம்" என்று சொன்னால் அவர்மேல் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வெற்றியோடு தோல்வியையும் எழுதிவைத்த விதரிங்கின் வழியில்தான் அவர் நடக்கிறார். உறுதி கூற முடியாத இடத்தில் உறுதி கூறுபவரைவிட, தமக்குத் தெரிந்ததன் எல்லையைச் சொல்பவரே நோயாளியை மதிப்பவர்.

ஹெலன் டாசிக், தம்மிடம் நீல நிறத்தோடு வந்து பிழைத்த பிள்ளைகளைக் குணமானவர்கள் என்று மறந்துவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைத் தொடர்ந்து விசாரித்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஆய்வுக் கட்டுரைகளாகவும் எழுதினார். பணி ஓய்வுக்குப் பின்னும் அது தொடர்ந்தது. தைக்கப்பட்ட இதயத்துக்குரிய மருந்து இன்னும் தேடப்பட்டு வருகிறது. அது கிடைக்கும் வரையிலும், கிடைத்த பின்னரும், ஒருவர் மறவாமல் விசாரிப்பது தேவைப்படும். நன்றித் திருப்பலிக்கு வரும் பெற்றோரிடம் அடுத்த முறை நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: "மகிழ்ச்சி. மறுபடியும் எப்போது டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்?"